பத்து வயது மகளுக்கு முதல் கோடிங் மொழி எது?

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகளுக்குப் பத்து வயது, வரும் ஜூனில் ஆறாம் வகுப்பு. தமிழ் வழி. கணக்கு நன்றாக வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது, 'எஃப்' கீ மட்டும் வேலை செய்யாது. தாய்மாமா, "சி-யில ஆரம்பிச்சாதான் அடிப்படை பலமா இருக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டு ஐடி தம்பி பைத்தான் என்கிறார். ஃபோனில் கூப்பிட்ட ஆன்லைன் வகுப்புக்காரர் 38,000 ரூபாய் கட்டினால் ஒரே வருடத்தில் ஆப் செய்யும் அளவுக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

என் பதில்: இப்போது ஸ்கிராட்ச், அதாவது துண்டுகளை இழுத்துக் கோத்து நிரல் செய்யும் மொழி. ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து, ஸ்கிராட்சில் இடம் போதாமல் அவளே முட்டிக்கொள்ளத் தொடங்கும்போது பைத்தான், அதிலும் திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோடு போடும் ஆமை வரைபடத்தில் இருந்து. சி இப்போதைக்கு வேண்டாம். 38,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பகலில் மென்பொருள்தான் பிழைப்பு. முதலில் நானும் தாய்மாமா கட்சிதான். கல்லூரியில் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத்திரை முன்னால் உட்கார்ந்து படித்த தலைமுறை நாங்கள், நாம் பட்ட பாட்டைப் பிள்ளையும் பட்டால்தான் படிப்பு என்று ஒரு நினைப்பு. முதல் ஆண்டு வகுப்பில், சி-யின் வாரிசான சி++ வைத்தே தொடங்கினேன். பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர்.

அந்தப் பதினோரு பேர் ஏன் நின்றார்கள் என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இன்றுவரை நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். மொழி எளிதா கடினமா, வேலைவாய்ப்பு இருக்கிறதா, இவையெல்லாம் எனக்குப் பின்னால்தான். பிள்ளை தப்புச் செய்தால் அந்தத் தப்பு எப்படித் தெரிகிறது? அவள் கண்ணுக்கே தெரிகிறதா, அல்லது பெரியவர் ஒருவர் வந்து படித்துச் சொல்ல வேண்டுமா?

சி++ல் ஆறாவது வரியின் கடைசியில் அரைப்புள்ளியைப் (;) போட மறந்துவிட்டால் பழைய கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் நிரல்) பெரும்பாலும் ஏழாவது வரியைக் காட்டித்தான் சத்தம் போடும். காரணம் எளிது. ஆறாவது வரி முடிந்ததென்று அதற்குத் தெரியாது, அடுத்த சொல்லைப் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உணர்கிறது. நமக்கு இது பழகிப்போனது. பத்து வயதுப் பிள்ளை ஏழாவது வரியையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வரியில் தப்பே கிடையாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு "சார், வரலை" என்பாள். நான் போய் ஒரு அரைப்புள்ளி போடுவேன். ஓடும். அவள் கற்றுக்கொண்டது என்ன? சார் வந்தால் ஓடும் என்பது மட்டும்தான்.

இப்போது ஸ்கிராட்சுக்கு வாருங்கள். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007ல் வெளியிட்டது. இப்போது நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. 8 முதல் 16 வயதுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. காசு இல்லை. தட்டச்சு செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இல்லை, வண்ண வண்ணத் துண்டுகளை இழுத்து ஒன்றோடொன்று கோக்க வேண்டியதுதான். உண்மையா பொய்யா என்று பதில் தரும் துண்டு அறுகோண வடிவில் இருக்கும், அதற்கான ஓட்டையும் அறுகோணம். எண் தரும் துண்டின் முனைகள் உருண்டை. பொருந்தாத துண்டு உள்ளே போகவே போகாது. அரைப்புள்ளித் தகராறு இங்கே எழவே வழியில்லை.

அப்படியானால் தப்பே வராதா? ஏராளமாக வரும். ஆனால் எல்லாம் மேடையில், அதாவது ஸ்கிராட்சின் பூனைப் பொம்மை ஓடியாடும் திரைப்பகுதியில் வரும். முதல் நாளே நடப்பது ஒன்று: பூனையை நடக்க விட்டு, 'விளிம்பில் பட்டால் திரும்பு' துண்டைப் போடுவார்கள். பூனை வலது ஓரத்தில் முட்டித் திரும்பும்போது தலைகீழாகக் கவிழ்ந்து, காலை மேலே தூக்கிக்கொண்டு திரும்பி வரும். வகுப்பே சிரிக்கும். தப்பு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூனை 180 பாகை திரும்பியது, ஆகவே கவிழ்ந்தது. சுழலும் விதத்தை 'இட-வலம் மட்டும்' என்று மாற்ற வேண்டும் என்பதை யாராவது ஒரு பிள்ளை நோண்டிக் கண்டுபிடித்துவிடும், அடுத்த ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் பரவிவிடும்.

இரண்டாம் வாரம் வருவது இன்னும் நல்ல தப்பு. ஆப்பிளைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூட வேண்டும். 'ஆப்பிளைத் தொட்டால்' என்ற நிபந்தனைத் துண்டைப் நிரலைத் தொடங்கிவைக்கும் பச்சைக்கொடித் துண்டுக்கு நேர் கீழே மாட்டுவார்கள். ஓட்டுவார்கள். பூனை ஆப்பிளைத் தொடும், மதிப்பெண் அசையாது. ஏன்? கொடியை அழுத்திய கணத்தில் கணினி ஒரே ஒருமுறை பார்த்தது, அப்போது பூனை தொட்டுக்கொண்டிருக்கவில்லை, வேலை முடிந்ததென்று போய்விட்டது. 'எப்போதும்' என்ற சுற்றுக்குள் அதை வைத்தால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். ஒரு பையன் இதைத் தானே கண்டுபிடித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது: "அது வாட்ச்மேன் மாதிரி நிக்கணும். நீ போஸ்ட்மேன் மாதிரி வந்துட்டுப் போகச் சொல்லியிருக்க." நான் இருபது வருட வேலையில் இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை.

பிறகு மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்க மறந்துபோவார்கள். ஆட்டத்தை மறுபடி தொடங்கினால் பழைய 17லேயே நிற்கும். வேரியபிள் என்பது ஒரு பாத்திரம், கழுவி வைக்காவிட்டால் நேற்றைய குழம்பு அதிலேயே இருக்கும் என்பது ஒரே நாளில் புரிந்துவிடும். கணக்கிலும் ஒரு லாபம். ஸ்கிராட்ச் மேடை 480க்கு 360 அளவு, நடுப்புள்ளி பூஜ்யம், இடது ஓரம் −240, அடிப்பக்கம் −180. மாநிலப் பாடத்தில் குறை எண்கள் ஆறாம் வகுப்பில்தான் வருகின்றன. உங்கள் மகள் அதற்கு முன்பே பூனையைத் துரத்திக்கொண்டு −200 பக்கம் போய் வந்திருப்பாள்.

"பொம்மை விளையாட்டுதானே, நிஜ கோடிங் இல்லையே" என்று தாய்மாமா சொல்வார். சுற்று, நிபந்தனை, வேரியபிள், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு நிரல்கள், ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவது, இவ்வளவும் அதில் இருக்கின்றன. நான் படித்த சி பாடத்தில் கடைசி இரண்டும் கிடையாது.

தாய்மாமாவின் இன்னொரு பயம், முதல் மொழி தவறாகிவிட்டால் மூளை கெட்டுவிடும் என்பது. இது புதிய பயமே கிடையாது. 1964ல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்று பேசிக் மொழியைச் செய்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, நெதர்லாந்துக்காரரான டைக்ஸ்ட்ரா, கணினித் துறையின் பெருந்தலைகளில் ஒருவர், பேசிக் படித்துவிட்டு வரும் மாணவனுக்கு நல்ல நிரலாக்கம் கற்றுக் கொடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அவன் மூளை சீர்ப்படுத்த முடியாதபடி சிதைந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? எண்பதுகளில் வீட்டுக் கணினி வாங்கிய பிள்ளைகள் உலகம் முழுக்க பேசிக்கில்தான் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1984ல் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுபோன கிளாஸ் திட்டத்தில் வந்ததும் பிபிசி மைக்ரோ என்ற கணினி, அதிலும் பேசிக்தான். இன்றைய மென்பொருளில் பாதி அந்தச் சிதைந்த மூளைகள் எழுதியது. டைக்ஸ்ட்ரா மேதை, சந்தேகமில்லை. பிள்ளைகள் விஷயத்தில் அவர் ஜோசியம் பலிக்கவில்லை.

ஆகவே முதல் மொழி 'சரியான' மொழியாக இருக்க வேண்டும் என்ற பதற்றத்தை விடுங்கள். எப்படியும் அவள் நான்கைந்து மொழி மாறப்போகிறாள். பள்ளியே மாற்றும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் ஸ்கிராட்ச் எட்டிப்பார்க்கிறது. பதினொன்றில் கணினி அறிவியல் எடுத்தால் சி++, பன்னிரண்டில் பைத்தான். சிபிஎஸ்இயில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டுக்கும் பைத்தான். ஐசிஎஸ்இ என்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே ஜாவா. பத்து வயதில் எதைத் தொட்டாலும் இதில் ஏதோ ஒன்று பின்னால் வந்து காத்துக்கொண்டு நிற்கும், அப்போது படித்துக்கொள்ளலாம்.

சரி, ஸ்கிராட்ச் எப்போது போதாமல் போகும்? இதற்கு வயதுக் கணக்கு சொல்லமாட்டேன். அடையாளம் சொல்கிறேன். ஒரே மாதிரியான நாற்பது துண்டுகளை நகல் எடுத்து நகல் எடுத்து ஒட்டிக்கொண்டிருப்பாள். திரை கொள்ளாமல் நிரல் கீழே கீழே போகும், எது எங்கே என்று தேடி எரிச்சலாவாள். "இதை எழுதிடவே முடியாதா? இழுத்து இழுத்துக் கை வலிக்குது" என்பாள். அன்றைக்குப் பைத்தானைத் திறந்து காட்டுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம். இழுத்துக் கை வலித்தவளுக்குத்தான் தட்டச்சு வரமாகத் தெரியும்.

பைத்தானைத் திறந்ததும் பெரும்பாலான வகுப்புகள் செய்வது, பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் நிரல், பிறகு வயதைக் கேட்கும் நிரல். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பிள்ளை வயது 10 என்று அடிக்கிறாள். அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறாள். வரும் விடை 20 அல்ல, 1010. விசைப்பலகையில் இருந்து வருவதை எல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும், '10' என்ற எழுத்துகளை இருமுறை எழுதினால் 1010. எங்கள் வகுப்பில் அன்று முழுக்க ஒருத்தியை எல்லோரும் "ஆயிரத்துப் பத்து வயசுப் பாட்டி" என்று கூப்பிட்டார்கள். இது நல்ல தப்புதான், கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றைக் கூட்டச் சொல்லியிருந்தால் சிவப்பில் நான்கு வரி ஆங்கிலம் வந்திருக்கும், சிரிப்பு வந்திருக்காது.

அதனால்தான் ஆமையில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். ஆமைக்கு நீண்ட பரம்பரை. 1967ல் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் முதலானோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற மொழியைச் செய்தார்கள். சில ஆண்டுகளில் அதில் ஆமை சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் இயந்திரம், பிறகு திரையில் ஒரு சிறு முக்கோணம். பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயுடன் வேலை செய்தவர். ஆமை எங்கே திரும்பும் என்று குழம்பினால் பிள்ளை எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்க்கலாம் என்பது அவர் கண்ட சூட்சுமம். ஸ்கிராட்ச் செய்த ரெஸ்னிக் அவரோடு வேலை செய்தவர். பைத்தானை நிறுவும்போதே அந்த ஆமையும் கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம், இணையமும் வேண்டாம்.

எங்கள் வகுப்பில் ஆமைக்குக் கொடுக்கும் வேலை கோலம். சதுரம், நட்சத்திரம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும், கோலம் இரண்டு மாதம் ஓடும். இதில் நானாகச் செய்த புதுமை எதுவும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதலாம் என்று 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் போடும் கோலம் உலகக் கணினி இதழில் ஏறிய கதை அது. நம் பிள்ளைகளில் யாருக்கும் இது தெரிவதில்லை, எனக்கும் வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

போன மார்கழியில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் '7 முதல் 4 வரை, ஊடு புள்ளி' கோலத்துக்குப் புள்ளி வைக்க நிரல் எழுதினாள். நடு வரிசையில் ஏழு புள்ளி, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறையும். மொத்தம் ஏழு வரிசை, 37 புள்ளி. ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேரே விழ வேண்டும். அவள் யோசித்தது சரியான வழி: ஒரு வரிசையில் எத்தனை புள்ளி என்று தெரிந்தால், அதில் ஒன்றைக் குறைத்து, இடைவெளி 40ஆல் பெருக்கி, பாதியாக்கி, அவ்வளவு தூரம் இடது பக்கம் போய்த் தொடங்க வேண்டும். நான்கு புள்ளிக்கு 60, ஐந்துக்கு 80, ஏழுக்கு 120. ஒவ்வொரு வரிசையும் தானாகவே அரை இடைவெளி தள்ளி நிற்கும்.

முதலில், எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை என்று சொல்லும் 'ரேஞ்ச்'சில் 4, 7 என்று போட்டாள். பைத்தானில் கடைசி எண் கணக்கில் வராது, ஆகவே 4, 5, 6 வரிசைகள் வந்தன, ஏழு வரவில்லை. உடனே பார்த்துவிட்டாள், 8 என்று மாற்றினாள். பிறகு இறங்குவதற்கு 7ல் தொடங்கி 4 வரை இன்னொரு சுற்று. ஓட்டினாள். அழகாக வந்தது. எனக்கும் சரியாகத்தான் பட்டது, தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

அவள் பாட்டி கூட்டிப்போக வந்திருந்தார். கணினியைத் தொட்டதில்லை. திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, நடுவுல ரெண்டு வரிசை நேரா நிக்குது? ஊடு விழலையே, சிக்கு எப்படிப் போகும்?" என்றார். பார்த்தால், ஏறும் சுற்று ஏழில் முடிகிறது, இறங்கும் சுற்று ஏழிலேயே தொடங்குகிறது. ஏழு புள்ளி வரிசை இரண்டு. 37க்குப் பதில் 44 புள்ளி. இரண்டும் ஒரே எண்ணிக்கை என்பதால் ஒன்றன் கீழ் ஒன்று நேராக நின்றுவிட்டன. இருபது வருடம் மென்பொருள் எழுதுகிறவன் கவனிக்காததை, மார்கழிக்கு மார்கழி வாசலில் குனிந்து நிமிர்ந்தவர் ஒரே பார்வையில் பிடித்தார். பேத்தி இறங்கும் சுற்றை 6 என்று மாற்றினாள், முடிந்தது.

இதே சுற்றில் இதே தப்பு ஒரு பட்டியலையோ வட்டிக் கணக்கையோ அச்சிடும் நிரலில் வந்திருந்தால் அந்தப் பாட்டிக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்காது. முதல் மொழி எது என்று கேட்பவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எட்டிப்பார்த்துத் தப்பைச் சொல்ல முடிகிற மாதிரியான வேலையை அதில் செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியில் ஆங்கிலம் சுமார் என்று ஒரு கவலை தெரிந்தது. பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் கட்டளைச் சொற்கள் 35தான், பிள்ளை முதல் வருடத்தில் தொடுவது பத்துப் பன்னிரண்டு. அவற்றைச் சித்திரம் மாதிரி மனதில் பதித்துக்கொள்வார்கள், எங்கள் வகுப்பில் தமிழ் வழிப் பிள்ளைகள் இதில் பின்தங்கியதே இல்லை. பின்தங்குவது எர்ரர் செய்தியில். அதுவும் முன்னைவிடப் பரவாயில்லை. 3.10 பதிப்பில் இருந்து, சொல்லை ஓர் எழுத்துப் பிசகி அடித்தால் 'இதைத்தான் சொல்ல வந்தாயா' என்று சரியான சொல்லையும் காட்டுகிறது. வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பைத்தான் 3ல் 'புள்ளி', 'வரிசை' என்று தமிழ் எழுத்திலேயே எழுதினால் ஏற்றுக்கொள்ளும்.

முழுக்கத் தமிழிலேயே எழுதும் மொழியும் உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில். அடியில் ஓடுவது பைத்தான்தான். ஏழாம் வாய்ப்பாடு இப்படி வரும்:

படி = 1
@( படி <= 10 ) வரை
    பதிப்பி படி * 7
    படி = படி + 1
முடி

நிபந்தனை முன்னால், 'வரை' பின்னால். 'ஆனால்' என்பதும் அப்படியே, நிபந்தனைக்குப் பிறகுதான் வரும். நாம் பேசுகிற வரிசை அது. 'மழை வந்தால் குடை எடு' என்கிறோமே தவிர, 'ஆல் மழை வந்து' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் இஃப் முன்னால் வந்து நிற்பதுதான் நம் பிள்ளைக்குப் புதிது. எழிலை இரண்டு வாரம் போல எழுத வைத்தால், கட்டளைச் சொற்களில் மந்திரம் எதுவும் இல்லை, யாரோ உட்கார்ந்து முடிவு செய்த சொற்கள்தான் என்பது புரிந்துவிடும். அந்தப் புரிதல் பெரியது. ஆனால் அதையே முதல் மொழியாக வைத்து ஒரு வருடம் ஓட்டச் சொல்லமாட்டேன். தமிழ்த் தட்டச்சு தனி வித்தை, அதைப் பழகவே ஒரு மாதம் போகும். விளையாட்டு, படம், ஒலி என்று பிள்ளை கேட்பதெல்லாம் அங்கே கைக்கு எட்டாது.

தமிழ் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேளுங்கள், 5 என்று சொல்லும். நம் பிள்ளை 3 என்பாள். பைத்தான் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. 'விகடகவி'யைத் திருப்பிப் போட்டால் அதேதான் வரும் என்று மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். பைத்தானிடம் திருப்பச் சொன்னால் கொக்கி எழுத்துக்கு முன்னால் வந்து விழுந்து, இரண்டும் ஒன்றல்ல என்று சாதிக்கும். தெனாலிராமனையே தோற்கடித்துவிடும். இதைச் சரிசெய்ய ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பைத்தான் கொஞ்சம் கை வந்ததும் இதை உங்கள் மகள் முன்னால் வையுங்கள். கணினி சொல்வது எல்லாம் சரி என்ற எண்ணம் அன்றோடு போய்விடும், அதற்கு மேல் அவளை ஏஐகாரர்களும் எளிதில் ஏமாற்ற முடியாது.

அந்த ஏஐயைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், "எல்லாத்தையும் அதுவே எழுதிடுமாமே" என்று. எழுதும். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு படிக்கிறோம். பத்து வயதில் அதன் பக்கம் விடாதீர்கள், தப்பை அதுவே திருத்திக் கொடுத்துவிட்டால் நான் அரைப்புள்ளி போட்டுக் கொடுத்த கதைதான் மறுபடியும்.

மற்றவை சுருக்கமாக. தங்கையோ தம்பியோ ஐந்து, ஆறு வயதில் இருந்தால் அவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், எழுத்தே இல்லாமல் படங்களால் ஆனது, டேப்லெட்டில் ஓடும். ஃபோனுக்கு ஆப் செய்ய வேண்டும் என்று மகள் கேட்டால் எம்ஐடியின் ஆப் இன்வென்டர், அதுவும் துண்டு கோக்கும் முறைதான், இலவசம். விளக்கு எரிய வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற சிறு பலகை, 25 குட்டி விளக்குகளோடு வருகிறது. 2016ல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பாக்கெட் கோட். இதில் எதையாவது பிள்ளை தானாகக் கேட்டால் நான் மேலே சொன்ன வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே கொடுங்கள்.

38,000 ரூபாய் வகுப்புக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் இந்த வியாபாரம் எப்படிக் கிளம்பியது என்பது நினைவிருக்கும். சின்னப் பையன் ஆப் செய்தான், முதலீட்டாளர்கள் வீட்டு வாசலில் அடித்துக்கொள்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு தலையிட்ட பிறகு சிலவற்றை எடுத்தார்கள். அதே ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங் செயல்பாடுகள் வரும் என்றது, அதைக் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்தியவர்களும் உண்டு. எல்லா வகுப்பும் மோசம் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் ஆண்டு விழாவுக்குப் போனேன், இருபத்து நான்கு பிள்ளைகள் தனித்தனியாக விளையாட்டு செய்து காட்டினார்கள். இருபத்து நான்கிலும் அதே விண்கலம், அதே வேகம், அதே எழுத்துப் பிழை. ஒரு பையனிடம் விண்கலத்தைக் கொஞ்சம் மெதுவாகப் போக வைக்கச் சொன்னேன். திரும்பி ஆசிரியரைப் பார்த்தான்.

கட்டாயம் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் இலவச மாதிரி வகுப்பில் போய்ப் பின்னால் உட்காருங்கள். பிள்ளை முட்டிக்கொள்ளும்போது ஆசிரியர் மவுசைப் பிடுங்குகிறாரா, கையைக் கட்டிக்கொண்டு "நீ என்ன எதிர்பார்த்த, என்ன வந்துச்சு?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். மவுசைத் தொடுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். வீட்டில் நீங்கள் செய்வதற்கும் அந்த ஒரு கேள்வி போதும், அதைக் கேட்க உங்களுக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தால் ஸ்கிராட்சை இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு நெட் தேவையில்லை. ஒரு மவுஸ் வாங்கிக் கொடுங்கள், லேப்டாப்பின் தொடுபலகையில் துண்டுகளை இழுப்பது பிள்ளைக்குப் பெரிய சித்திரவதை. 'எஃப்' கீயைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், ஸ்கிராட்சில் அது இல்லாமலே ஒரு வருடம் ஓட்டிவிடலாம். பைத்தானுக்கு வருவதற்குள் சில நூறு ரூபாயில் ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிவிடுங்கள். இஃப், ஃபார், டெஃப் மூன்றுக்கும் அந்த எழுத்து வேண்டும், ஆமையை முன்னால் நகர்த்தும் ஃபார்வர்டே அதில்தான் தொடங்குகிறது.